காற்று வரும் வழியைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே மாஸ்க்

ரிஃபைனரி ஷட்டவுன் வேலைக்கு, அதாவது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு வேலைக்கு, ஜுபைல், ருவைஸ், ஜாம்நகர் என்று கிளம்பும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு ஏர்லைன் பிஏ செட் (பிரீதிங் அப்பரேட்டஸ்; ஹோஸ் என்ற நீண்ட குழாய் வழியாக வெளியிலிருந்து மூச்சுக் காற்று கொண்டுவரும் மாஸ்க் கருவி) முதல்முறையாகக் கைக்கு வருவது வேலை நடக்கிற இடத்தில்தான். வகுப்பில் ஒரு தடவை காட்டியிருப்பார்கள். மேன்ஹோல் வாசலில் ஃபோர்மேன் அவசரப்படுத்தும்போது அதில் பாதி மறந்துபோயிருக்கும். நான் பிஏ டெக்னீஷியன். வெசல் என்ற பெரிய இரும்புக் கலனுக்குள் இறங்குகிறவர்களுக்குக் காற்று கொடுப்பது, ஷிஃப்ட் முடிந்ததும் செட்டுகளைக் கழுவிச் சோதித்து அடுத்த ஷிஃப்டுக்குத் தயாராக வைப்பது, இதுதான் என் வேலை.

செட்டை வாங்கியதும் எல்லோரும் மாஸ்க்கைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். கண்ணாடி கீறியிருக்கிறதா, பட்டை இழுக்கிறதா என்று. அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது ஹோஸின் அந்தப் பக்கத்து முனையை. அது எதில் மாட்டியிருக்கிறது? யார் மாட்டினார்கள்? இப்போது அங்கே யார் நிற்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் மாஸ்க்கை முகத்தில் வைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஏர்லைன் செட் தானாகக் காற்றைச் சுத்தம் செய்யாது. ஹோஸில் எது வருகிறதோ அதை அப்படியே நுரையீரலுக்குள் அனுப்பும். அமெரிக்காவின் ரசாயன விபத்து விசாரணை வாரியம் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1992 முதல் 2002 வரை அங்கே நைட்ரஜனால் மூச்சடைத்த 85 சம்பவங்களை எடுத்துப் பார்த்திருந்தார்கள். 80 பேர் செத்துப்போயிருந்தார்கள், 50 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். மூச்சுக் காற்று என்று நினைத்து நைட்ரஜனில் மாட்டிக்கொண்டவர்களும் அதில் உண்டு. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது. உடம்புக்குள் கரியமில வாயு சேர்ந்தால்தான் நமக்குத் திணறல் தெரியும்; ஆக்சிஜன் இல்லை என்பது தெரியவே தெரியாது. வெறும் நைட்ரஜனை ஓரிரு மூச்சு இழுத்தாலே நினைவு தப்பிவிடும். கையைத் தூக்கி சைகை காட்டக்கூட நேரம் இருக்காது.

பிளான்டில் யுட்டிலிட்டி ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர், ஸ்டீம், ஏர், நைட்ரஜன் என்று நான்கு குழாய்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பெயின்ட் மங்கியிருக்கும், பலகை கழன்று விழுந்திருக்கும். ஒரு ஷட்டவுனில் இரவு ஷிஃப்டில் ஒரு சூபர்வைசர் கையில் ஒரு அடாப்டரோடு, அதாவது பொருந்தாத இரண்டு முனைகளைச் சேர்க்கும் துண்டோடு, வந்தார். "பாட்டில் மாற்ற லேட் ஆகுது, பிளான்ட் ஏர்ல மாட்டிக் கொடுங்க" என்றார். பாட்டில் என்பது காற்று அடைத்த சிலிண்டர்; பிளான்ட் ஏர் என்பது ஆலைக்குள் பொது வேலைகளுக்கு ஓடும் காற்று. மாட்ட முடியாது என்று சொல்லி அடாப்டரை வாங்கி செஃப்டி ஆபீஸில் கொடுத்துவிட்டேன். மூச்சுக் காற்றின் கப்ளிங் (ஹோஸை மாட்டும் இணைப்பு முனை) வேறு எந்த லைனிலும் பொருந்தாதபடி வைத்திருப்பதே இந்த மாதிரி அவசரத்தைத் தடுக்கத்தான். அடாப்டர் போட்டால் அந்தக் காவல் போய்விட்டது. ஏர் என்றே எழுதியிருந்தாலும் பிளான்ட் ஏரும், வால்வுகளை இயக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ஏரும் மூச்சுக்கு ஆகாது. கம்ப்ரசர் நின்றுபோனால் வால்வுகள் இயங்க வேண்டுமே என்று பல பிளான்டுகளில் இன்ஸ்ட்ருமென்ட் ஏர் லைனில் நைட்ரஜனைத் திறந்துவிடுவார்கள். கன்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு அது வழக்கமான வேலை. வெசலுக்குள் அதே லைனில் மூச்சு விடுகிறவனை அவருக்குத் தெரியாது.

சரி, முறையான காற்று எங்கிருந்து வரும்? இரண்டு வழி. ஒன்று, கேஸ்கேடு டிராலியில் அடுக்கிய பெரிய பாட்டில்கள். இன்னொன்று, மூச்சுக் காற்றுக்கென்றே உள்ள கம்ப்ரசர்.

பாட்டில் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக கேஸ் டிடெக்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் மொத்த லோடுக்கும் சேர்த்து வரும். நீங்கள் மூச்சு விடப்போவது இந்த ஒரு பாட்டிலில். வால்வை லேசாகத் திறந்து, வருகிற காற்றை ஒரு பையில் பிடித்து மீட்டரைக் காட்டினால் ஆக்சிஜன் 20.9 பக்கத்தில் நிற்க வேண்டும். அமெரிக்க விதியில் மூச்சுக் காற்றுக்கு 'கிரேடு டி' என்று ஒரு அளவு உண்டு: ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 10 பிபிஎம்முக்குள் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), கரியமில வாயு 1,000 பிபிஎம்முக்குள், எண்ணெய்ப் பிசிறு கன மீட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள், குறிப்பாக எந்த வாடையும் இல்லாமல். ஐரோப்பிய அளவு இதைவிடக் கண்டிப்பு. பாட்டிலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாட்டுக்கு நாடு நிறம் மாறும்.

கம்ப்ரசர் என்றால் அதன் மூக்கைப் போய்ப் பாருங்கள். காற்றை இழுக்கிற வாய்க்குப் பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர் புகை விடுகிறதா? கிரேன் என்ஜினை ஓடவிட்டு நிற்கிறதா? காற்று இப்போது எந்தப் பக்கம் வீசுகிறது? காலையில் சரியாக இருந்த இடம் மத்தியானம் காற்று திரும்பியதும் கெட்டுப்போகும். எண்ணெய் போடும் கம்ப்ரசர் அதிகமாகச் சூடேறினால் அதற்குள்ளேயே கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதனால்தான் அதில் மோனாக்சைடு அலாரமோ, சூட்டு அலாரமோ இரண்டுமோ இருக்க வேண்டும் என்பது விதி. சூட்டு அலாரம் மட்டும் இருந்தால், இடையிடையே காற்றை அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஃபில்டரில் கடைசியாக மாற்றிய தேதியும் கையெழுத்தும் உள்ள அட்டை தொங்க வேண்டும். அட்டை இல்லாத ஃபில்டரை மாற்றாத ஃபில்டர் என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஃபில்டருக்குள் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றும் மருந்து ஈரம் பட்டால் வேலை செய்யாது. ஆகவே தண்ணீர் வடிக்கும் குழாயைத் திறந்து வடித்தீர்களா என்று ஆபரேட்டரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பாட்டில் கணக்கை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், டெக்னீஷியன் மட்டும் தெரிந்தால் போதாது. 50 லிட்டர் பாட்டில், 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்றால் 10,000 லிட்டர் காற்று. ஒரு ஆளுக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று போடுவது வழக்கம். இரண்டு பேர் உள்ளே இருந்தால் 80. கடைசிவரை உறிஞ்ச மாட்டோம், 50 பாரில் அடுத்த பாட்டிலுக்கு மாற்றுவோம் என்றால் கையில் இருப்பது 7,500 லிட்டர், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இது சாதாரண வேலைக்கு. மண்வெட்டியால் ஸ்லட்ஜ் (அடியில் தங்கிய கசடு) வாருகிறவன், இம்பாக்ட் ரெஞ்ச் பிடிக்கிறவன் 60 லிட்டருக்கு மேலேயும் இழுப்பான். அவனுக்கு இந்தக் கணக்கைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். டிராலியில் எப்போதும் ஒரு முழு பாட்டில் திறக்காமல் தயாராக நிற்க வேண்டும். அங்கே நிற்கிற ஆளுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. ஸ்பானர் எடுத்து வா, டீ வாங்கி வா என்று அவனை அனுப்புகிறவர் உள்ளே இருப்பவரின் மூச்சை அனுப்புகிறார்.

அடுத்தது ஹோஸ். நான் செய்வது இதுதான்: டிராலியில் ஆரம்பித்து மேன்ஹோல் வரை ஹோஸைக் கைக்குள் விட்டு நடந்துகொண்டே போவேன். கண்ணுக்குத் தெரியாத வெட்டு கையில் தட்டும். உப்பிய இடம், மெத்தென்று ஆன இடம், கெமிக்கல் பட்டுப் பிசுபிசுத்த இடம் எல்லாம் விரலுக்குத் தெரியும். சில ரசாயனங்கள் ரப்பரை ஊடுருவி உள்ளே வந்துவிடும் என்பதால் பிசுபிசுப்பு இருந்தால் அந்த ஹோஸை ஒதுக்கிவிடுவேன். கப்ளிங்கை மாட்டியதும் இழுத்துப் பாருங்கள். கழற்றும்போது அழுத்தித் திருப்பினால்தான் கழல வேண்டும். எங்கோ உரசினால் கழலுகிற கப்ளிங்கை உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஹோஸ் வண்டி போகும் வழியில் கிடக்கக் கூடாது. மேன்ஹோல் விளிம்பில் பழைய ரப்பர் ஷீட்டையாவது மடித்து வையுங்கள், அந்த இரும்பு கத்தி மாதிரி அறுக்கும். அமெரிக்க அங்கீகாரம் பெற்ற செட்டுகளில் ஹோஸின் மொத்த நீளம் 300 அடியைத் தாண்டக் கூடாது, அதாவது 90 மீட்டர் சொச்சம். நீளம் கூடக் கூட முகத்துக்கு வந்து சேரும் அழுத்தம் குறையும். பாட்டில் காற்றை ஹோஸ்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் எத்தனை பார் வைக்க வேண்டும் என்பது செட்டின் புத்தகத்தில் இருக்கும், அதை மட்டும் வையுங்கள். ஒரு கம்பெனி மாஸ்க்கில் இன்னொரு கம்பெனி ஹோஸைப் போட்டு ஓட்டினால் அதற்கு எந்த அங்கீகாரமும் கிடையாது.

லைன் காற்று நின்றால் தப்பி வெளியேற இடுப்பில் தொங்கும் சின்ன எஸ்கேப் பாட்டில் இருக்கிறதே, உயிருக்கு ஆபத்தான இடத்தில் அது இல்லாமல் ஏர்லைன் போடக் கூடாது. எச்டூஎஸ், அதாவது ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு, 100 பிபிஎம் என்பது அமெரிக்காவில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறித்த அளவு. அந்த அளவிலேயே சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் அழுகிய முட்டை வாடை தெரியாமல் போகும். வாடை போய்விட்டது, கேஸ் போய்விட்டது என்று மாஸ்க்கைக் கழற்றுவது அதனால்தான் ஆபத்து. 2 லிட்டர் பாட்டில் 200 பாரில் 400 லிட்டர், கணக்குப்படி 10 நிமிடம். பதறி மூச்சு வாங்குகிறவனுக்கு அது ஐந்தாறு நிமிடம்தான் வரும். ஆகவே உள்ளே போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் நிற்கப்போகும் இடத்திலிருந்து வாசலுக்கு ஏணி, டிரே (வெசலுக்குள் இருக்கும் தட்டு), மேன்ஹோல் எல்லாம் கடந்து வர எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடத்தில் வர முடியாத இடம் என்றால் பெர்மிட் எழுதியவரிடம் திரும்பிப் போங்கள்.

எஸ்கேப் பாட்டிலில் இரண்டு வகை உண்டு. லைன் அழுத்தம் இறங்கினால் தானாக மாறுவது, கையால் திறக்க வேண்டியது. உங்கள் இடுப்பில் இருப்பது எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லத் தெரிய வேண்டும். கையால் திறப்பது என்றால் வரிசை முக்கியம்: முதலில் பாட்டிலைத் திற, பிறகு ஹோஸைக் கழற்று, பிறகு வெளியே வா. பல பேர் பதற்றத்தில் முதலில் ஹோஸைக் கழற்றுகிறார்கள். வெளியே நின்று மாஸ்க்கோடு, கிளவுஸோடு இதைப் பழகுங்கள். திறந்த பிறகு ஒரு போல்ட்டை மட்டும் இறுக்கிவிட்டு வருகிறேன் என்ற பேச்சே கிடையாது. அந்தப் பாட்டிலின் காற்றை நம்பி உள்ளே போகவும் கூடாது, அது வெளியேற மட்டும்.

இப்போது மாஸ்க். தாடி உள்ளவர்களுக்கு முழு முக மாஸ்க் உட்காராது. இரண்டு நாள் முள்தாடியே போதும், ரப்பர் ஓரத்தில் வழி விட்டுவிடும். மத நம்பிக்கையால் தாடி வைத்திருக்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தி மாஸ்க் போடவைப்பதும் தப்பு, சரியாக உட்காராத மாஸ்க்கோடு உள்ளே விடுவதும் தப்பு. வெளியே பார்க்க எத்தனையோ பொறுப்பான வேலை இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் காதில் மாட்டும் கம்பியோடு மாஸ்க் போடக் கூடாது. மாஸ்க்குக்குள்ளேயே மாட்டும் ஃபிரேம் உண்டு, ஷட்டவுன் தொடங்குவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போடும் முறை: தாடையை முதலில் உட்காரவையுங்கள், பட்டையைத் தலைக்கு மேல் இழுங்கள், கீழ்ப் பட்டை இரண்டையும் ஒன்றாக, பிறகு நெற்றிப்பொட்டுப் பக்கம் உள்ளவை. பின்னோக்கி இழுக்க வேண்டும், வெளிப்பக்கமாக அல்ல. முடி ஓரத்தில் மாட்டியிருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று பாருங்கள். மூச்சை இழுக்கும்போது காற்றை விடும் டிமாண்ட் வால்வை மாட்டுவதற்கு முன் உள்ளங்கையால் அந்த ஓட்டையை மூடி மூச்சை இழுத்துப் பிடியுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். நின்றால் சரி. பிறகு காற்றைத் திறந்ததும் ஓரத்தில் ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள், உஸ் என்று காற்று வெளியே வரும். உள்ளே எப்போதும் கொஞ்சம் அழுத்தம் கூடுதலாக இருப்பதால்தான் சின்ன இடைவெளி இருந்தாலும் விஷம் உள்ளே வராமல் காற்று வெளியே போகிறது. விரலை எடுத்ததும் சத்தம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கசிகிறது. உள்ளே போகாதீர்கள்.

முதுகில் சுமக்கும் செட் கொடுத்தால் இன்னொரு சோதனை. பாட்டிலைத் திறந்து மூடிவிட்டு கேஜைப் பாருங்கள், ஒரு நிமிடம் முள் இறங்கக் கூடாது. பிறகு டிமாண்ட் வால்வைக் கையால் கட்டுப்படுத்தி மெல்ல மெல்லக் காற்றை விடுங்கள். பெரும்பாலான 300 பார் செட்டுகளில் 55 பார் பக்கத்தில் விசில் ஊத வேண்டும். விசில் கேட்டதும் கிளம்புவது என்று திட்டம் போடாதீர்கள். உள்ளே போக எவ்வளவு காற்று செலவானதோ, வெளியே வரவும் அவ்வளவு வேண்டும். அதைக் கழித்துக்கொண்டு கிளம்புங்கள். விசில் உங்கள் கையிருப்பு.

உள்ளே இரண்டு பேர் போனால் ஹோஸ் பின்னிக்கொள்ளாமல் பாருங்கள். போன வழியாகவேதான் திரும்ப முடியும். ஒரு பைப்பைச் சுற்றிப் போய் மறுபக்கமாக வந்தால் ஹோஸ் இழுத்துப் பிடிக்கும். மாஸ்க்குக்குள் பேசினால் சரியாகக் கேட்காது, ரேடியோ இருந்தாலும் வாசலில் காவல் நிற்கும் ஹோல் வாட்ச்சோடு கயிற்றுச் சைகையையும் பேசி வையுங்கள். பதில் வரவில்லை என்றால் அவன் எட்டிப் பார்க்கக் கூடாது, அலாரம் அடிக்க வேண்டும். 2005 நவம்பரில் அமெரிக்காவின் டெலவர் சிட்டி ரிஃபைனரியில் நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரியாக்டருக்குள் ஒரு தொழிலாளி விழுந்து கிடந்தார். அவரைத் தூக்கப் பிஏ செட் இல்லாமல் உள்ளே இறங்கியவரும் செத்துப்போனார். நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிகளில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் நான்கு பேர் சாவதும் இப்படித்தான். அண்ணன் விழுந்தால் தம்பி இறங்குகிறான். 2013ஆம் ஆண்டு சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்த பிறகும் அது நிற்கவில்லை. ஊருக்குப் போகும்போது தெருவில் யாராவது தொட்டி மூடியைத் திறந்தால், தயவுசெய்து போய் நிறுத்துங்கள்.

வேலை முடிந்து வந்ததும் மாஸ்க்கைக் கொண்டுவந்து டிரம் மேல் எறிந்துவிட்டுப் போவார்கள். கழுவும்போது நான் அதிக நேரம் செலவழிப்பது மூச்சு வெளியேறும் வால்வில். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு வட்டமான சிலிக்கோன் தகடு இருக்கும், பூண்டுத் தோல் மாதிரி மெல்லிசு. கேட்டலிஸ்ட் (வினையூக்கி) தூசி ஒரு துகள் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்தாலும் அது முழுதாக மூடாது. சோப்பு சரியாக அலசாமல் காய்ந்தாலும் இப்படித்தான், ஓரம் விறைத்துத் தூக்கிக்கொள்ளும். அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ஓரம் முழுக்கப் பார்ப்பேன். சுருண்டிருந்தால் மாற்றுவேன், தட்டையாக்கிப் போட மாட்டேன்.

கழுவத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கலாம், 43 டிகிரிக்கு மேல் வேண்டாம். மிதமான சோப்பு, மென்மையான பிரஷ். டிமாண்ட் வால்வையும் ரெகுலேட்டரையும் தண்ணீரில் போடாதீர்கள், அதன் புத்தகம் சொல்கிறபடி துடைக்க வேண்டும். அலசிய பிறகு 50 பிபிஎம் குளோரின் கரைசலில் 2 நிமிடம், பிறகு ஓடுகிற தண்ணீரில் மறுபடி நன்றாக அலசல். கிருமிநாசினி காய்ந்து ஒட்டினால் முகத் தோல் அரிக்கும், ரப்பரும் கெடும். தின்னர், பெட்ரோல், டீசல் எதுவும் கண்ணாடிப் பக்கம் வரக் கூடாது, அது மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும். நிழலில் காயவையுங்கள். வளைகுடா வெயிலில் ஒரு மத்தியானம் கிடந்த மாஸ்க் ரப்பரைத் தொட்டால் வித்தியாசம் தெரியும். பட்டையில் தொங்கவிடாமல், மேலே எதுவும் அழுத்தாமல், பைக்குள் முகம் மேலே இருக்கும்படி வையுங்கள். மடிந்து கிடந்த மாஸ்க் அந்த மடிப்பை அடுத்த ஆள் முகத்தில் காட்டும்.

எமர்ஜென்சிக்கு வைத்திருக்கும் செட்டை யாரும் எடுக்காவிட்டாலும் மாதம் ஒரு தடவை திறந்து சோதித்து எழுதி வைக்க வேண்டும். பாட்டில் அழுத்தம் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் நிரப்ப வேண்டும். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் பாட்டிலின் வலுவைச் சோதிப்பது) தேதி பாட்டிலிலேயே இருக்கும், பொதுவாக 5 வருடம். நார் சுற்றிய பாட்டிலுக்கு மொத்த ஆயுளும் உண்டு, பெரும்பாலும் 15 வருடம். தேதி தாண்டியதை நிரப்பவே கூடாது. பாட்டிலை அடிவரை காலி செய்துவிட்டு வால்வைத் திறந்தபடி போடாதீர்கள், ஈரம் உள்ளே போகும்.

பழுதான செட்டுக்குச் சிவப்பு அட்டை கட்டும்போது வெறும் 'லீக்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எந்த இடத்தில், எப்போது, எத்தனை பாரில் என்று எழுதுங்கள்: "இடது நெற்றிப் பட்டைப் பக்கம் கசிவு, தலையைத் திருப்பும்போது மட்டும்" என்று. கழுவிய பிறகு மேஜையில் வைத்துப் பார்க்கும்போது அந்தக் கசிவு பெரும்பாலும் தெரியாது. நீங்கள் எழுதியது இருந்தால், தலையைத் திருப்பிப் பார்த்து நான் கண்டுபிடித்துவிடுவேன்.